நாலாம் நம்பரில் இருந்த பேச்சு

பெரும்புள்ளி என்றதும் வாசலில் இரண்டு கார், பின்னால் நாலு ஆள் என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். இவள் வேலையிட விபத்துகளை விசாரிக்கிற அலுவலகத்தில் ஒலிப்பதிவு பார்க்கிறவள். ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்கிற சுபாவம். சாட்சிகள் பேசும்போது முக்கியமான இடம் வந்தால் மெஷினில் ஒரு புள்ளி வைப்பது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் டைப்பிஸ்ட் பெண் கேலிக்காகப் பெரும்புள்ளி என்று கூப்பிட ஆரம்பித்தாள். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் விசாரணை அதிகாரி வரை அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவளும் வெளியே சலித்துக்கொண்டு உள்ளே ரசித்தாள்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள், கொஞ்சம்தான். பேச்சு பதிவாக ஆரம்பித்ததும் மெஷினின் முகப்பில் ஒரு நேரக் கணக்கு ஓடத் தொடங்கும். மணி, நிமிடம், வினாடி, அதற்கும் கீழே ஒரு வினாடியை இருபத்தைந்தாக நறுக்கிய துண்டுகள். ஒரு வழக்கு முடிகிறவரை எத்தனை நாள் விசாரணை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டோர் பொத்தானை அழுத்தி ஒரு நம்பரைத் தட்டினால் அந்த நேரம் அந்த நம்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எப்போது வேண்டுமானாலும் ரீகால் பொத்தானை அழுத்தி அதே நம்பரைத் தட்டினால் மெஷின் ஓடிப்போய் அந்த இடத்தில் நிற்கும். இருப்பது பத்து நம்பர். ஒரு நம்பரில் ஓர் இடம்தான் இருக்க முடியும். புதியவர் வந்து உட்கார்ந்தால் பழையவர் எழுந்து போய்விட வேண்டும், போகும்போது சொல்லிக்கொண்டும் போகமாட்டார். அதனால்தான் புள்ளி வைக்கும்போதெல்லாம் நேரத்தை ஒரு நோட்டிலும் எழுதிவைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. நாலு வருஷம் எழுதினாள். அதற்குப் பிறகு எழுதவில்லை. மெஷின்தான் வைத்திருக்கிறதே, இன்னொரு தரம் எழுதுவது வெட்டி வேலை என்பது அவள் கட்சி.

பத்தொன்பது வருஷ சர்வீஸில் எத்தனை அதிகாரிகளைப் பார்த்தாயிற்று. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். போன வாரம் அந்தக் காவலாளி கதவைப் பற்றி என்னவோ சொன்னாரே என்று வாய்க்குள் முனகுவார்கள். முனகி முடிப்பதற்குள் காவலாளியின் குரல் ஸ்பீக்கரில் வந்து நிற்கும். பொத்தான்களைக் குனிந்து பார்க்கமாட்டாள். எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை ஓட்டுவாள். அந்த முகம் மாறுகிற அழகைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. தலைக்கனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். அது தலைக்கனம்தான்.

வீட்டுக்காரர் சோபாக்களுக்கு உறை தைத்து ஆணி அடிக்கிறவர். முன்னறையே அவருக்குப் பட்டறை, எந்நேரமும் பஞ்சுத் தூசியும் துணி வாடையும். வாய் நிறையச் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு பற்களுக்கு நடுவிலேயே பேசுவார். கல்யாணமான இரண்டாம் மாதம் அவளுடைய அக்காளைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையை அவள் போன வருஷம்கூட எடுத்துக் காட்டினாள். உனக்கு ரீகால் மட்டும்தான் வேலை செய்கிறது, அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டு, நானே அழுத்துகிறேன் என்பார் அவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் இந்த மாதிரிச் சண்டைதான் பொழுதுபோக்கு.

இப்போது அந்தக் கிரேன் வழக்குக்கு வருகிறேன்.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், உயரக் கிரேனிலிருந்து இறக்கிய இரும்புக் கம்பிக்கட்டு கீழே நின்ற ஒரு தொழிலாளியின் மேல் விழுந்து அவர் அங்கேயே போய்விட்டார். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார். கட்டடத்தின் மூலை மறைப்பதால் கீழே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கீழேயிருந்து சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் சொன்னால்தான் இறக்க வேண்டும். சூப்பர்வைசர் இறக்கச் சொன்னாரா, சொல்லாமலே டிரைவர் இறக்கினாரா, இதுதான் கேள்வி. நான் சொல்லவே இல்லை என்று சூப்பர்வைசர் அடித்துச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இறக்கியதாக அறிக்கை போனால் டிரைவருக்கு லைசென்ஸ் போகும், ஆளைக் கொன்ற குற்றத்துக்குச் சிறையும் உண்டு. செத்தவர் யாரென்றால், அந்த டிரைவரோடு ஆறு வருஷமாக ஒரே டப்பாவில் மத்தியானச் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவர்.

ஒரு வியாழக்கிழமை டிரைவர் முதன்முதலாக வாக்குமூலம் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, பேசும்போது தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாக்கி டாக்கியில் கடைசியாக என்ன நடந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டார். "இறக்கலாம்னு கேட்டேன், இறக்கினேன்" என்றார் டிரைவர். அதாவது, இறக்கலாம் என்ற சத்தம் காதில் விழுந்தது, இறக்கினேன். பெரும்புள்ளி அதை நாலாம் நம்பரில் வைத்தாள்.

டைப்பிஸ்ட் பெண்ணின் வேலை சாட்சிகளின் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கி அடிப்பது. அவள் அடித்தது என்ன தெரியுமா? "இறக்கலாமா என்று கேட்டேன், இறக்கினேன்." ஒரே ஒரு துணைக்கால் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு காலில் ஒரு மனிதனின் தலையெழுத்தே மாறிவிட்டது. காதில் விழுந்ததும் கேட்பதுதான், வாய்விட்டு வினவுவதும் கேட்பதுதான், நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தக் கால் சேர்ந்ததும் டிரைவர் அனுமதி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இறக்கிவிட்டார் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. அவரும் அன்று பக்கம் பக்கமாக நீட்டிய தாள்களில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். செத்த நண்பனைப் பற்றி இரண்டரை மணி நேரம் பேசிவிட்டு யாருக்குத்தான் படிக்கத் தோன்றும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டடக் கம்பெனியின் வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். டிரைவர் திகைத்துப்போய் எழுந்து, நான் அப்படிச் சொல்லவில்லை, காதில் விழுந்ததாகத்தான் சொன்னேன் என்றார். முதலில் ஒரு பேச்சு, இப்போது ஒரு பேச்சா என்று வக்கீல் சிரித்தார். டிரைவருக்கு வக்கீல் கிடையாது. மனைவி மட்டும் பின்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் நீள மேஜையின் கோடியில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

"அதுல இருக்கும்ல சார். போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அதிகாரி பெரும்புள்ளியின் பக்கம் திரும்பி, அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டார். நாலாம் நம்பர் சார் என்றாள் அவள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. சீக்கிரம் ஆகட்டும் மேடம், எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்று வக்கீல் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அது அவளுக்குச் சுருக்கென்றது. பதிவை நிறுத்தினாள், வக்கீலின் முகத்தையே நேராகப் பார்த்தாள், விரலை ஓட்டினாள். ஸ்டோர், நாலு.

ரீகால் இல்லை. ஸ்டோர்.

இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், பக்கத்தில் பக்கத்தில். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்கினால் யானைக்குத்தான் அடி, இங்கே நசுங்கப்போகிறவர் வேறொருவர். முகப்பில் நாலு என்ற எண் கண்சிமிட்டி, செவ்வாய்க்கிழமையின் அந்த நேரத்தைக் காட்டி நின்றது. வியாழக்கிழமை எழுந்து போய்விட்டது. அவசரமாக ரீகால் அழுத்தி நாலைத் தட்டினாள். மெஷின் சமர்த்தாக இந்த நிமிஷத்துக்கே வந்து நின்று வெறும் இரைச்சலைப் பாடியது.

அறையில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். என்ன ஆயிற்று என்றார் அதிகாரி. நோட்டில் எழுதியிருந்தால் நேரத்தைப் பார்த்துத் தட்டியிருக்கலாம், நோட்டுத்தான் பல வருஷமாக வெள்ளையாக இருக்கிறதே. தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள், தேடி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் மூன்று பேர் சிரித்திருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். வக்கீலின் உதட்டோரத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு சார். மெமரி எடுக்க மாட்டேங்குது."

அதிகாரி நல்லவர், அவளை நம்பினார். பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்னதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை. ஒலிப்பதிவுக் கருவி பழுதடைந்துள்ளதால் பதிவைப் போட்டுக் கேட்க இயலவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் பெண் அடித்தாள். வக்கீல் அந்த வரியின் நகல் ஒன்று தனக்கு வேண்டும் என்று பணிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் கடைசி விசாரணை, அன்று மாலையே அறிக்கை மேலிடத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார். டிரைவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

டீ குடிக்கிற இடத்தில் டைப்பிஸ்ட் பெண்ணை ஓரங்கட்டி, அன்று அவர் என்ன சொன்னார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்தாள். அந்தப் பெண் விகல்பமில்லாமல் சொன்னாள்.

"லாம்னுதான் காதுல விழுந்த மாதிரி இருந்துச்சுக்கா. ஆனா கேட்டேன்னு முடிஞ்சா அதுக்கு முன்னாடி கேள்விதானே வரணும்? இலக்கணப்படி சரியா வரலைன்னு ஒரு கால் போட்டு அடிச்சேன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்து, வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை அக்கா, என்னை இதில் இழுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இலக்கணம் பார்த்து ஒரு மனுஷனைக் கவிழ்த்தவள் இவள், மானம் பார்த்துக் கவிழ்த்தவள் பெரும்புள்ளி. எந்த முகத்தோடு இந்தப் பெண்ணைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் இவள் முகத்தைப் பார்த்து ஆணிகளை வாயிலிருந்து உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். அது பெரிய விஷயம். வீட்டில் இழவு விழுந்தால்தான் அவர் அப்படிச் செய்வார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதி உறை போட்ட நாற்காலியின் கையில் உட்கார்ந்து அழுதாள். அவர் உடனே ஆறுதல் சொல்லிவிடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நன்றாக ஆடத் தெரிந்த நீயும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறாயே என்றார். அப்புறம்தான் கேட்டார்.

"அழிஞ்சது அந்த நம்பர்தானே. பேச்சு அழியலைல்ல?"

"பேச்சு அப்படியே இருக்குங்க. எங்கே இருக்குன்னுதான் தெரியாது."

"அப்போ போய்த் தேடு. இங்கே உட்கார்ந்து என் நாற்காலியை நனைச்சா கிடைக்குமா?"

காலையில் ஆறரைக்கு அவள் அலுவலக வாசலில் நின்றாள். பெருக்குகிறவர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பெரும்புள்ளி இத்தனை சீக்கிரமா, சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று கேட்டார். அவள் நேரே உள்ளே போய் மெஷினைப் போட்டு ஹெட்போனை மாட்டினாள். வியாழக்கிழமையின் பேச்சு மெஷின் கணக்கில் ஐந்து மணி நாற்பதில் தொடங்கி எட்டு மணி பத்து வரை. எங்கே என்று தெரியாது, ஓட்டி ஓட்டிக் கேட்பதைத் தவிர வழியில்லை. ஒருமுறை காதில் விழுந்த குரல்தான், ஆனால் அன்று அவள் கேட்டது பேச்சை அல்ல, புள்ளி வைக்கத் தகுந்த இடங்களை. இப்போதுதான் மனுஷனைக் கேட்டாள். நண்பன் எப்போதும் குழம்பை எனக்கு அதிகம் ஊற்றிவிட்டுக் குறைவாக ஊற்றியதாகச் சாதிப்பான் என்று சொல்லி டிரைவர் சிரிக்கப்பார்த்த இடத்தில் மெஷினைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே ஓட்டினாள்.

மெஷின் கணக்கில் ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் அந்தக் கேள்வி வந்தது.

"இறக்கலா— டக் —னு கேட்டேன், இறக்கினேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். டக். மறுபடி போட்டாள். டக். சாட்சியின் மைக்கும் மெஷினும் ஒரே நீள மேஜையில் இருந்தன. அவள் பொத்தானைத் தொடமாட்டாள், குத்துவாள். பதில் தொடங்குகிற இடத்திலேயே புள்ளி விழ வேண்டும் என்று கேள்வி முடியும்போதே ஸ்டோரை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அன்று நாலாம் நம்பரின் மேல் விரல் விழ அரை வினாடி தாமதம். அந்தக் குத்து மேஜை வழியாக மைக்குக்குள் போய், வேண்டிய அந்த ஒரே எழுத்தின் மேல் விழுந்திருந்தது. அதைப் பத்திரப்படுத்துகிற வேலையே அதை விழுங்கிவிட்டது. ஏழு முறை கேட்டுவிட்டு அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆனால் அவளுக்குத் தெரியும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மறுகாதை அறைக்குத் திறந்து வைப்பது அவள் வழக்கம். அறையின் காற்றில் அந்தக் குத்து ஒரு சத்தமே இல்லை. லாம்னு என்றுதான் விழுந்தது, சந்தேகமே இல்லை. டைப்பிஸ்ட் பெண்ணும் அதைத்தானே சொன்னாள்.

வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன். பேச்சு கிடைத்தும் பயனில்லை, பழுது என்று எழுதியாயிற்று, யாருக்கும் தெரியாது, இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே அவள் கை மட்டும் வேறொரு வேலையைத் தொடங்கிவிட்டது. டிரைவர் வேறு இடங்களில் லாம்னு என்றும் லாமான்னு என்றும் பேசியிருப்பார் அல்லவா? ஒவ்வொன்றாகப் பிடித்து, லா தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, னு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, நடுவில் எத்தனை வினாடித் துண்டு என்று எண்ணினாள். போகலாம்னு என்றபோது ஏழு துண்டு. ஏத்தலாம்னு என்றபோது ஏழு. ஆரம்பிக்கலாமான்னு என்றபோது பன்னிரண்டு. வரலாமான்னு என்றபோது பதிமூன்று. குத்து விழுந்த இடத்தில் ஏழு. மா என்று நீட்ட அங்கே இடமே இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு நோட்டை எடுத்து எல்லா நேரத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். பழக்கம் விட்டுப்போனதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது.

மத்தியானம் விசாரணை தொடங்கியதும் அவள் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவள் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, ரீகாலுக்குப் பதில் ஸ்டோரை அழுத்தியது நான், அவமானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று சொன்னாள். அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது, ஆனாலும் பதிவைப் போடச் சொன்னார். போட்டாள். எல்லாருக்கும் அந்த டக் கேட்டது. டிரைவரின் மனைவி என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரும்புள்ளி நோட்டைப் பிரித்து ஏழையும் பன்னிரண்டையும் சொன்னாள், ஒவ்வொரு இடத்தையும் போட்டுக் காட்டினாள், தன் காதில் விழுந்தது லாம் என்றும் சொன்னாள். டிரைவர் முதல்முறையாக உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தார்.

அதிகாரி டைப்பிஸ்ட் பெண்ணைப் பார்த்து, உனக்கு என்ன கேட்டது என்றார். அந்தப் பெண் தாளைப் பார்த்துக்கொண்டே, கேட்டதைத்தான் அடித்தேன் சார் என்றாள். பெரும்புள்ளியின் பக்கம் திரும்பவே இல்லை. அவளை என்ன சொல்வது? நேற்று அதே அறையில் அதே வழியைக் காட்டிவிட்டவள் பெரும்புள்ளிதானே.

வக்கீல் குரலை உயர்த்தவில்லை. நேற்று வாங்கிய நகலை மேஜையில் வைத்து விரலால் தடவிவிட்டுக்கொண்டார்.

"நேத்து மெஷின் பழுதுன்னு சொன்னது நீங்க. இன்னைக்கு அதே மெஷினோட கணக்கை வச்சு சாட்சி சொல்றதும் நீங்க. நேத்துச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா மேடம்?"

"நேத்துச் சொன்னதுதாங்க பொய்."

"நேத்தும் இதே முகத்தோடதானே சொன்னீங்க? நம்பினோமே."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாயிற்று. அதிகாரி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், முக்கியமான எழுத்து பதிவில் தெளிவாக இல்லை, கருவியைக் குறித்து அதை இயக்குபவரே முன்னுக்குப்பின் முரணாகப் பேசியிருப்பதால் அவர் கூற்றையும் அளவையும் ஏற்பதற்கில்லை, சாட்சியின் கையெழுத்துள்ள தட்டச்சுப் பிரதியே நிற்கும் என்று சொன்னார். சொல்லும்போது அவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டைப்பிஸ்ட் பெண் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்தாள்.

நாளையிலிருந்து மெஷினைத் தொட வேண்டாம், விளக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அது அவளுக்குக் காதில்கூட ஏறவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். எழுந்து நின்றும் ஒன்றும் ஆகாது என்று அவள் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அது தானாக வேலை செய்யும் என்று இந்த வயதிலும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள் பாருங்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் டிரைவர் நின்றிருந்தார். மனைவி இரண்டு படி கீழே. பெரும்புள்ளி அவரைத் தாண்டிப்போக முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடுங்க தம்பி என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுல்லக்கா?"

"இருந்துச்சு."

"அப்போ நேத்து அந்த மெஷின் எடுக்கலைன்னு தெரிஞ்ச உடனே, இவர் லாம்னுதான் சொன்னார் சார், நான் கேட்டேன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதுமே. நேத்து வரைக்கும் நீங்க எது சொன்னாலும் நம்பியிருப்பாங்களே."

நேற்று அவள் தேடியதெல்லாம் மெஷினில். அது தன் நெஞ்சிலேயே இருக்கிறது, வாயைத் திறந்து சொன்னால் போதும் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவே இல்லை. டிரைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.